முழுசா படிச்சவங்க எத்தனை பேர்? வீட்டுக்கு ஒரு வாசிப்பு வட்டம் தொடங்குவோம் 📚

(சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஞாயிறு மாலை, நம் தோழர் ஒருவர் வீட்டில் நடந்த ஐ.டி. விங் தன்னார்வலர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிச்சிட்டு ஷேர் பண்ணுங்க.)



ஐ.டி. விங் கூட்டம்னு கூப்பிட்டுட்டு, புத்தகம் படிக்கறதைப் பத்திப் பேசினா எப்படின்னு உங்கள்ல சிலர் நினைக்கலாம். நம்ம வேலை போஸ்டர், ரீல்ஸ், ட்ரெண்டிங். எதிர்த்தரப்பு ஒரு பொய்யைப் போட்டா பத்து நிமிஷத்துல பதில் போடணும். அதுல புத்தகத்துக்கு எங்கே நேரம்?

அதுக்கு நம்ம ஊர்ப் பக்கத்துல நடந்த ஒரு விஷயத்தைச் சொல்றேன்.

இங்கேருந்து சங்ககிரி வழியா போனா ஒன்றரை மணி நேரத்துக்குள்ள திருச்செங்கோடு. அந்த ஊர்க் கோயிலையும் மலையையும் சுத்தி எழுதப்பட்ட நாவல் 'மாதொருபாகன்'. எழுதினவர் பெருமாள்முருகன். அப்போ நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில தமிழ்ப் பேராசிரியர். நாவல் வந்தது 2010இல். நாலு வருஷம் அது பாட்டுக்குக் கடையில இருந்துச்சு, வாங்கினவங்க படிச்சாங்க. ஒரு சத்தமும் இல்லை.

2014 டிசம்பர்ல திடீர்னு பிரச்சினை. நாவல்லேருந்து சில பக்கங்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து ஊர்ல விநியோகம் பண்ணினாங்க. அந்தப் பக்கங்களுக்கு முன்னாடி என்ன, பின்னாடி என்னன்னு கையில வாங்கினவங்களுக்குத் தெரியாது. டிசம்பர் 26ஆம் தேதி திருச்செங்கோட்டுல புத்தகத்தை எரிச்சாங்க. கடையடைப்பு நடந்துச்சு. 2015 ஜனவரியில நாமக்கல் கலெக்டர் ஆபீஸ்ல பேச்சுவார்த்தை. அதுக்கப்புறம் இனி எழுதப் போறதில்லைன்னு பெருமாள்முருகன் முகநூல்ல அறிவிச்சார். தன் புத்தகங்களை விற்க வேண்டாம்னு பதிப்பாளர்களைக் கேட்டுக்கிட்டார். ஊரை விட்டே சென்னைக்கு மாற்றலாகிப் போனார். 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் புத்தகத்தைத் தடை செய்ய முடியாதுன்னு தீர்ப்பு சொல்லி, அவர் மறுபடியும் எழுத வரட்டும்னு வாழ்த்தின பிறகுதான் திரும்ப எழுத வந்தார்.

தோழர்களே, இதை இலக்கியச் செய்தியா மட்டும் பார்க்காதீங்க. அந்த ஜெராக்ஸ்தான் இன்னைக்கு நம்ம கையில இருக்கற ஸ்கிரீன்ஷாட். அன்னைக்கு ஒரு ஊருக்குள்ள கொடுத்து முடிக்க நாள் கணக்கா ஆச்சு. இன்னைக்கு ஒரு விரல் தொட்டா மூணு மாவட்டத்துக்குப் போயிடும். ஒரு புத்தகத்துல நாலு பக்கம், ஒரு மணி நேரப் பேச்சுல எட்டு செகண்ட் வெட்டி எடுத்தா யாரையும் குற்றவாளி ஆக்கலாம். நாளைக்கு நம்ம தலைவர்களையும் ஆக்கலாம், நம்மையும் ஆக்கலாம்.

இதுக்கு மருந்து இன்னொரு ஸ்கிரீன்ஷாட் கிடையாது. அந்த ஜெராக்ஸ் வந்தப்போ, "இருப்பா, நான் முழுசா படிச்சிருக்கேன், அதுல இருக்கறது இதுதான்"னு சொல்ல ஒவ்வொரு தெருவுலயும் அஞ்சாறு பேர் இருந்திருந்தா பேச்சு வேற மாதிரி போயிருக்கும்னு நான் நம்பறேன். அந்த அஞ்சாறு பேரை உருவாக்கற இடம்தான் வாசிப்பு வட்டம்.

▪️ இது நமக்குப் புதுசு இல்லை

புக் கிளப்னு சொன்னா வெளிநாட்டுச் சமாச்சாரம் மாதிரி இருக்கும். நம்ம ஆளுங்க வீட்டுக்குள்ளயே இதை நடத்தியிருக்காங்க. மூணு வீட்டைச் சொல்றேன்.

முதல் வீடு திருநெல்வேலியில. ரசிகமணி டி.கே.சி. வீடு. 1920கள்ல ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நண்பர்கள் கூடுவாங்க. கம்பனை வாசிப்பாங்க, வாய் விட்டுப் படிச்சு ரசிப்பாங்க. அவங்க உட்கார்ந்த முற்றம் வட்டமான தொட்டிக்கட்டு. அதனால அந்தக் கூட்டத்துக்கே 'வட்டத்தொட்டி'ன்னு பேர் வந்துடுச்சு.

ரெண்டாவது வீடு சென்னை கே.கே. நகர்ல. பத்திரிகையாளர் ஞாநி வீடு. பின்பக்கம் ஒரு கிணறு. 2009லேருந்து மாசம் ஒரு ஞாயிறு அந்தக் கிணத்தைச் சுத்தி உட்கார்ந்து எழுத்தாளர்களோட பேசினாங்க. பேரு 'கேணி'. கேணின்னா கிணறுதானே.

மூணாவது வீடு நம்ம நாமக்கல்ல. அதே பெருமாள்முருகன் வீடு. மொட்டை மாடியில மாணவர்களும் நண்பர்களும் கூடினாங்க. பேரு 'கூடு ஆய்வுச் சந்திப்பு'. வந்தவங்கள்ல நிறைய பேர் கிராமத்துலேருந்து முதல் தலைமுறையா காலேஜ் வந்த பிள்ளைங்க. அந்த வட்டத்துலேருந்து வந்த புத்தகம்தான் 'சாதியும் நானும்'. 32 கட்டுரைகள். ஒவ்வொருத்தரும் சாதியைத் தன் வாழ்க்கையில எங்கே பார்த்தோம்னு தானே எழுதினது. அதை அம்பை ஆங்கிலத்துல மொழிபெயர்த்தாங்க.

மூணு வீட்டுலயும் ஒரு ஒத்துமை பாருங்க. யாரும் ஹால் வாடகைக்கு எடுக்கலை. மேடை போடலை, மைக் கட்டலை. முற்றம், கிணத்தடி, மொட்டை மாடி. இருக்கற இடத்துல உட்கார்ந்தாங்க.

நம்ம அரசியல் வரலாறும் இப்படித்தான். காங்கிரஸ், கம்யூனிஸ்ட், திராவிட இயக்கம் எல்லாமே இந்த மாநிலத்துல வாசகசாலை, படிப்பகம், டீக்கடை, சலூன் வழியா வளர்ந்தவைதான். ஒருத்தர் பேப்பரைச் சத்தமா படிப்பார், எழுதப் படிக்கத் தெரியாத பத்து பேர் கேட்பாங்க, அப்புறம் விவாதம் நடக்கும். கியூபாவிலயும் இது உண்டு. 1865லேருந்து சுருட்டுத் தொழிற்சாலைகள்ல தொழிலாளர்கள் சுருட்டு உருட்டிக்கிட்டிருக்கும்போது ஒருத்தர் உட்கார்ந்து பேப்பரும் நாவலும் சத்தமா வாசிப்பார். அவருக்குச் சம்பளம் அந்தத் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலேருந்து போட்டுக் கொடுத்தது.

▪️ சரி, எப்படி ஆரம்பிக்கறது?

நான் இன்ஜினியரிங் படிச்ச ஆளு. கணக்குப் போட்டே சொல்றேன்.

1️⃣ ஆள்: எட்டு பேர் போதும். அதுக்கு மேல போனா ரெண்டு பேர் பேசுவாங்க, மீதிப் பேர் போனைப் பார்ப்பாங்க. நாலுக்குக் கீழே போனா ஒருத்தர் வரலைன்னாலே கூட்டம் நின்னுடும்.

2️⃣ நாள்: மாசத்துல ரெண்டாவது ஞாயிறு, சாயங்காலம் 5 மணின்னு ஒரு தடவை முடிவு பண்ணிடுங்க. "எல்லாருக்கும் எப்போ வசதி?"ன்னு ஒவ்வொரு மாசமும் குரூப்ல கேட்டா அந்தக் கூட்டம் நடக்கவே நடக்காது.

3️⃣ பணம்: ஒரு புத்தகம் 200 ரூபாய்னு வச்சுக்குங்க. ரெண்டு பிரதி வாங்கினா 400. எட்டு பேர் பங்கு போட்டா ஆளுக்கு 50 ரூபாய். மாசத்துக்கு நாலு வாரம், ரெண்டு பிரதி, அப்போ எட்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு வாரம் கிடைக்கும். 150 பக்கப் புத்தகம்னா ஒரு நாளைக்கு 22 பக்கம் படிச்சா முடிஞ்சிடும். முதல் வாரம் படிச்சவருக்குக் கூட்டத்துக்குள்ள மறந்து போகும். அதனால படிக்கும்போதே பிடிச்ச இடம், இடிச்ச இடம், புரியாத இடம்னு மூணு பக்க எண்ணைக் குறிச்சு வச்சுக்கணும்.

50 ரூபாயும் முடியாதுன்னா நூலகம் இருக்கு. 1948லயே சென்னை மாகாணத்துல பொது நூலகச் சட்டம் வந்துடுச்சு. சுதந்திர இந்தியாவுல முதல் நூலகச் சட்டம் அதுதான். உங்க வீட்டு சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்க, நூலக வரின்னு தனியா இருக்கும். வரி கட்டறோம், ஆனா நூலகத்துக்குள்ள கால் வைக்கறதில்லை. காசு கட்டின பொருளை வாங்காம வர்ற மாதிரிதான் அது.

டெலிகிராம்ல வர்ற திருட்டு பி.டி.எஃப். மட்டும் வேண்டாம். எழுதினவருக்குப் போக வேண்டிய காசு அது. இலவசமா வேணும்னா நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகத்துல சட்டப்படியே கிடைக்குது.

4️⃣ நேரம்: 5 மணிலேருந்து 6.45 வரைக்கும். முதல் 15 நிமிஷம் டீ, குசலம். அடுத்த 20 நிமிஷம் புத்தகத்துலேருந்து சத்தமா வாசிக்கறது. படிக்காம வந்தவங்களும் இதுல சேர்ந்துக்கலாம். அப்புறம் 55 நிமிஷம் பேச்சு. கடைசி 15 நிமிஷம் அடுத்த புத்தகம், அடுத்த வீடு முடிவு பண்றதுக்கு. 6.45க்கு முடிச்சே ஆகணும். இழுத்தா அடுத்த மாசம் வரமாட்டாங்க.

5️⃣ ஒரே ஒரு விதி: யாரு எதைச் சொன்னாலும் பக்க எண் சொல்லணும். "இந்த எழுத்தாளர் நம்ம ஊரைக் கேவலப்படுத்திட்டார்"னா எந்தப் பக்கம்? "இதுல பெண்களை மட்டமா பேசறாங்க"ன்னா எந்தப் பக்கம்? பேசறது கதாபாத்திரமா, எழுத்தாளரா? பக்கத்தைத் திருப்பி, முன்னாடி ஒரு பக்கம், பின்னாடி ஒரு பக்கம் சேர்த்து வாசிச்சிட்டு அப்புறம் சண்டை போடுங்க. இந்தப் பழக்கம் ஆறு மாசம் இருந்தா, உங்க போனுக்கு வர்ற ஃபார்வர்டையும் நீங்க இதே மாதிரிதான் கேட்பீங்க. "முழு வீடியோ எங்கே? எந்தத் தேதி? யாரு சொன்னது?" நம்ம அணிக்கு இதை விட நல்ல பயிற்சி எதுவும் கிடையாது.

▪️ எந்தப் புத்தகம்?

முதல் மாசமே ஆயிரம் பக்க நாவலைத் தூக்காதீங்க. சின்னதா, நம்ம மண்ணோட சம்பந்தப்பட்டதா எடுங்க.

'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை': பெருமாள்முருகன் திரும்ப எழுத வந்ததும் 2016இல் வந்த நாவல். ஒரு ஆட்டுக்குட்டியோட கதைதான். ஆனா அந்தக் குட்டிக்குக் காது குத்தி அரசாங்கத்துல பதிவு பண்ணப் போற இடத்துல மக்கள் எப்படி நிக்கறாங்கன்னு படிச்சா ஒரு மணி நேரம் பேசலாம்.

'என் கதை': நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையோட சுயசரிதை. மோகனூர்ல பிறந்தவர். நூறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம பக்கம் எப்படி இருந்துச்சுன்னு தெரியும். நாட்டுடைமை நூல், காசில்லாம கிடைக்கும்.

'தண்ணீர்': அசோகமித்திரனோட சின்ன நாவல். சென்னையோட தண்ணிக் கஷ்டம். குடத்தோட வரிசையில நின்ன எல்லா வீட்டுக்கும் புரியும்.

'கருக்கு': பாமா எழுதினது, 1992. அதுக்கு அடுத்த மாசம் 'சாதியும் நானும்'. இந்த ரெண்டையும் அடுத்தடுத்துப் படிங்க.

அதுக்கப்புறம் அம்பேத்கரோட 'சாதி ஒழிப்பு'. இது பேச விடாத பேச்சு. 1936இல் லாகூர்ல ஒரு மாநாட்டுக்குத் தலைமை தாங்கக் கூப்பிட்டாங்க. அவர் எழுதி அனுப்பின உரையைப் பார்த்துட்டு மாத்தச் சொன்னாங்க, அவர் மறுத்தார், மாநாடே நின்னு போச்சு. அவர் தன் செலவுல அச்சடிச்சார். அடுத்து அது தமிழ்ல வந்தது நம்ம ஈரோட்டுலேருந்து, பெரியாரோட 'குடி அரசு' மூலமா. மேடை கிடைக்கலைன்னாலும் பேச்சு புத்தகமா ஊர் ஊரா போச்சு.

நமக்கு ஒத்துக்காத கருத்துள்ள ஒரு புத்தகத்தையும் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது படிங்க. எதிர்த்தரப்பு என்ன சொல்லுதுன்னு அவங்க புத்தகத்துலேருந்தே தெரிஞ்சவன் பதில் சொன்னாத்தான் அது நிக்கும்.

▪️ வாசப்படியில ஒரு கேள்வி

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். நூலகத்துல கூடலாம், காபி ஷாப்ல கூடலாம். ஏன் வீடு?

ஏன்னா வீடுதான் கஷ்டமான இடம். நம்ம வயசுப் பசங்க காலேஜ்ல ஒரே தட்டுல சாப்பிடுவோம், ஒரே பைக்ல மூணு பேர் போவோம். ஆனா அந்த நண்பனை வீட்டுக்குள்ள கூப்பிடும்போது? "தம்பி எந்த ஊருங்க? அங்கே எந்தத் தெரு?"ன்னு பெரியவங்க கேட்கற கேள்வியோட அர்த்தம் நம்ம எல்லாருக்கும் தெரியும். சில வீட்டுல நண்பன் வராண்டாவோட நிப்பான். சில வீட்டுல அவனுக்குப் பேப்பர் கப் வரும். 'சாதியும் நானும்' ஆங்கிலத்துல வந்தப்போ வச்ச தலைப்பு, தேங்காய்த் தொட்டியில கடுங்காப்பின்னு அர்த்தம் தர்றது. யாருக்கு எதுல காப்பி ஊத்தினாங்கங்கறதே ஒரு வரலாறு.

அதனால வாசிப்பு வட்டம் வீடு வீடா சுத்தி வரணும். எட்டு பேரும் எட்டு வீட்டுக்கும் போகணும். ஃபேர்லேண்ட்ஸ்ல இருக்கற பெரிய வீட்டுலயும் நடக்கணும், அந்தப் பக்கம் ரெண்டு ரூம் வாடகை வீட்டுலயும் நடக்கணும். இடம் இல்லைன்னா பவானி ஜமுக்காளம் ஒன்னை மொட்டை மாடியில விரிச்சா போதும். எல்லாருக்கும் அந்த வீட்டுல புழங்கற டம்ளர்லயே டீ. மேடையில சமத்துவம் பேசறது சுலபம். நம்ம வீட்டு டம்ளர்ல அது இருக்கான்னு பாருங்க.

இன்னொன்னு. உள்ளே நாம பெண் விடுதலை பேசிக்கிட்டிருப்போம், அம்மாவும் அக்காவும் அடுப்படியில எட்டு பேருக்குப் பஜ்ஜி போட்டுக்கிட்டிருப்பாங்க. அப்படி நடந்தா அந்தக் கூட்டத்தை நடத்தவே வேண்டாம். சாப்பாட்டை வெளியில வாங்குங்க. நம்ம சேலத்துல இதுக்கா பஞ்சம்? தள்ளுவண்டிக் கடையில தட்டு வடை செட் கட்டி வாங்கினா முடிஞ்சுது. டீ போடறதும் டம்ளர் கழுவறதும் அந்த மாசம் வீடு கொடுக்கற ஆளோட வேலை, ஆம்பளைப் பசங்களா இருந்தாலும். அம்மாவைக் கூப்பிட்டு நடுவுல உட்கார வைங்க. வாசிக்கச் சொல்லுங்க. தண்ணிக் கஷ்டத்தைப் பத்தின நாவலுக்கு அவங்களை விட நல்ல விமர்சகர் அந்த அறையில இருக்க மாட்டாங்க.

▪️ கட்சியைக் கொஞ்சம் வெளியில நிறுத்துங்க

இதைக் கட்சிப் பக்கத்துலயே சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. வாசிப்பு வட்டத்துல கொடி வேண்டாம், பேனர் வேண்டாம், உறுப்பினர் படிவம் வேண்டாம். போட்டோ எடுத்து டேக் பண்றதும் வேண்டாம். எட்டு பேர்ல ரெண்டு பேராவது நம்ம கட்சி இல்லாதவங்களா இருக்கட்டும். ஆள் பிடிக்கத்தான் கூப்பிட்டாங்கன்னு அவங்களுக்குத் தோணின அன்னைக்கே அவங்க வாயை மூடிக்குவாங்க. எல்லாரும் ஒரே கருத்தைத் தலையாட்டறதுக்குப் பேர் வாசிப்பு இல்லை.

நமக்கு என்ன லாபம்னு கேட்கறீங்களா? உங்களோட ஒரு வருஷம் உட்கார்ந்து, பக்க எண் சொல்லிச் சண்டை போட்டு, உங்க வீட்டு டம்ளர்ல டீ குடிச்ச ஒருத்தர், நாளைக்கு உங்களைப் பத்தி வர்ற பொய்யை நம்பறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு போன் பண்ணுவார். அது போதும்.

▪️ மூணாவது மாசம்

முதல் மாசம் எட்டு பேரும் வருவாங்க. ரெண்டாவது மாசம் ஆறு. மூணாவது மாசம் மூணு பேர். ஒருத்தருக்கு ஷிஃப்ட், ஒருத்தருக்கு கல்யாணம், ஒருத்தர் பெங்களூர் போயிட்டார். இங்கேதான் பெரும்பாலான வட்டங்கள் நிக்கும். மூணு பேர் வந்தாலும் நடத்துங்க. அதே நேரம், அதே 6.45. "இந்த மாசம் தள்ளி வச்சுக்கலாம்"னு மட்டும் சொல்லாதீங்க.

ஒரு லாங் சைஸ் நோட்டு போடுங்க. தேதி, யாரு வீடு, யாரு வந்தாங்க, என்ன புத்தகம், எதுல கருத்து ஒத்துப் போகலை. அஞ்சு வரி போதும். படிக்காம வந்தவங்களைக் கிண்டல் பண்ணாதீங்க. இன்னைக்குச் சிரிச்சா அடுத்த மாசம் அவங்க படிக்கவும் மாட்டாங்க, வரவும் மாட்டாங்க. வாட்ஸ்அப் குரூப் இருக்கட்டும், ஆனா அதுல நாளும் இடமும் மட்டும். குட் மார்னிங் கூட வேண்டாம்.

தோழர்களே, இன்னைக்கு ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி எட்டு பேர் பேரை எழுதுங்க. அதுல மூணு பேராவது பெண்கள். ரெண்டு பேர் நம்ம கட்சி இல்லாதவங்க. ஒருத்தராவது இதுவரைக்கும் உங்க வீட்டு வாசப்படி தாண்டி உள்ளே வராதவர். அவருக்கு முதல் போனைப் போடுங்க. வர்ற ரெண்டாவது ஞாயிறு, சாயங்காலம் 5 மணி.



#வீட்டுக்கொருவாசிப்புவட்டம் #பக்கஎண்சொல்லு #சேலம் #நாமக்கல்